மறுபடியும் ஒரு நகரம் – 11: வில்லங்கம் தீர்க்கும் அலுவலகம்

பாழடைந்த வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க ஒருவர் தயார். கையில் பணமும் இருக்கிறது. யாரிடம் வாங்குவது? உரிமையாளர் ஊரை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. அவருடைய வரி பாக்கியை எங்கோ இருக்கும் ஒரு முதலீட்டாளர் வாங்கி வைத்திருக்கிறார். பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரம் பல காலம் சிக்கியிருந்தது இந்த முடிச்சில்தான்.

1908இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர் அது. 1978வாக்கில் அந்த வட்டாரத்தில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். ஆலைகள் மூட ஆரம்பித்ததும் ஜனம் கிளம்பியது. 1960இல் சுமார் 1,97,000 பேர், 2020இல் 81,000தான். வீடுகள் அப்படியே நின்றன.

ஊரை மீட்க அதிகாரிகள் முதலில் செய்தது, எல்லா ஊரிலும் செய்வதுதான்: பெரிதாக ஏதாவது கட்டுவது. 1984இல் கார்களின் பெயரில் ‘ஆட்டோவேர்ல்டு’ என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். ஆறே மாதத்தில் பூட்டு விழுந்தது. 1997இல் இடித்தும் விட்டார்கள்.

உருப்படியான மாற்றம் வந்தது வரி வசூல் பிரிவிலிருந்து. வரி பாக்கியைத் தனியாருக்கு விற்கும் பழைய சட்டப்படி, ஒரு சொத்து கைமாறி முடிய ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் கூரை இறங்கிவிடும். 1999இல் மிச்சிகன் இதைத் தலைகீழாக்கியது. பாக்கி விழுந்த மூன்றாம் ஆண்டில், நீதிமன்றத் தீர்ப்போடு, சொத்து வில்லங்கம் நீங்கி அரசின் கைக்கு வரும். ஃபிளின்ட் அடங்கிய ஜெனசி கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) கருவூலப் பொறுப்பிலிருந்த டான் கில்டீ இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். இப்படி வந்து சேரும் சொத்துகளைக் கையாள 2002இல் அங்கே நில வங்கி உருவானது. கில்டீ பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

நில வங்கி செய்வதெல்லாம் சின்னச் சின்ன வேலை. தேறாத வீட்டை இடிக்கிறது. தேறுவதைப் பழுதுபார்த்து விற்கிறது. காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே சொற்ப விலைக்குக் கொடுக்கிறது; அவர் வேலி போட்டுக் காய்கறி வைத்தால் போதும், குப்பை கொட்டுவது நிற்கும். விற்ற சொத்து மறுபடி வரி கட்டத் தொடங்கினால், முதல் ஐந்து ஆண்டு அந்த வரியில் பாதி நில வங்கிக்கே. பெரிய வேலையும் உண்டு. 1920இல் திறந்து 1973இல் மூடிய டியூரன்ட் ஹோட்டலை 2005இல் கையிலெடுத்தார்கள். தனியார் முதலீட்டோடு 2010இல் அது 93 குடியிருப்புகளாக மீண்டது. முப்பது ஆண்டுக்கு மேல் சும்மா கிடந்த கட்டடம் அது!

இடிக்கும் செலவுக்குப் பணம் ஏது? இங்கேதான் கில்டீயின் கெட்டிக்காரத்தனம். கவுண்டி முழுவதும் ஜப்தியான சொத்துகளை ஒரே கணக்கில் சேர்த்தார். புறநகரில் நல்ல விலைக்குப் போன சொத்தின் உபரி, ஃபிளின்ட்டில் இடிக்கும் செலவுக்கு உதவியது. கேட்க அழகாக இருக்கிறது. அந்த உபரி யாருடையது என்று கேட்டால் அழகு குறைந்துவிடும்.

பக்கத்து ஓக்லண்ட் கவுண்டியில் ஒருவர் வைத்த வரி பாக்கி 8 டாலர் 41 சென்ட். வட்டியும் கட்டணமும் சேர்ந்து 285 டாலர் 81 சென்ட் ஆனது. சொத்தை 24,500 டாலருக்கு விற்ற கவுண்டி, மிச்சத்தையும் தானே வைத்துக்கொண்டது. 2020இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், மிச்சம் உரிமையாளருக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரிதான், அத்தோடு நில வங்கிகளின் ஒரு வருமான வழியும் சுருங்கியது. இடிப்புச் செலவை இனி பொது நிதியிலிருந்துதான் கேட்க வேண்டும், பாக்கிக்காரரின் பையிலிருந்து அல்ல.

அதே ஆண்டு வந்த சட்டம், ஜப்திக்குப் பின் வரும் ஜூலை 1க்குள் படிவம் கொடுத்தால்தான் மிச்சப் பணம் என்கிறது. வரி நோட்டீசையே பிரிக்காதவர் அந்தப் படிவத்தைத் தேடிப் போவாரா?