கணிப்பொறிக் கடிகாரமும் செயற்கைக் கோளும்

பூகம்பத்தின் மையத்தை ஒரு நிலையம் தனித்து நின்று திட்டமாகக் கூறிவிட இயலாது. பல நிலையங்களில் அதிர்வு வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டே அது கணிக்கப்படுகிறது. முதலில் வந்தடையும் அலை, புவியின் மேலோட்டில் விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே ஒரு நிலையத்தின் கடிகாரம் ஒரு விநாடி பிசகினால், அந்நிலையம் காட்டும் தூரம் 6 கிலோமீட்டர் பிசகும். மீட்புப் படையினர் வேறோர் ஊரில் சென்று தேட நேரிடலாம்.

பதிவுகளைச் சேமிக்கும் கணிப்பொறியின் கடிகாரமோ சாதாரணப் படிகத்தால் இயங்குவது. பத்து லட்சத்தில் 10 பங்கு பிழை அதற்கு இயல்பே. நாளொன்றுக்கு 86,400 விநாடி என்பதைக் கொண்டு ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கணக்கிட்டுக் காட்டலாம்: தினமும் 0.86 விநாடி! அறையின் வெப்பத்திற்கேற்ப இப்பிழையும் மாறுவதால், நாள்தோறும் இவ்வளவு என்று கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

இக்குறையை நீக்குவது ஜி.பி.எஸ். ரிசீவர் எனப்படும் ஏற்பி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. ஏற்பி தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் அறிய நான்கு கோள்கள் வேண்டும். இருப்பிடம் முன்னரே திட்டமாகத் தெரிந்த நிலையத்தில், நேரத்திற்கு மட்டும் எனின் ஒரு கோளே போதும்.

நிற்க, ஏற்பி நேரத்தை இரு வகையாகத் தருகிறது. தேதியும் மணியும் எழுத்துருவில் கம்பி வழியே வரும் செய்தி ஒன்று. விநாடிதோறும் எழும் மின் துடிப்பு மற்றொன்று. செய்தியை மட்டும் இணைத்துவிட்டு வேலை முடிந்ததென எண்ணுவோர் உளர். அச்செய்தி விநாடியில் பத்தில் சில பங்கு தாமதித்தே வருகிறது. அத்தாமதமும் ஒரே அளவாக நிற்பதில்லை. துடிப்போ விநாடியின் தொடக்கத்தை ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைந்த பிழையுடன் காட்டும்; ஆனால் அது எந்த விநாடி என்று சொல்லாது. ஆதலின் இரண்டையும் இணைத்தல் அவசியம். துடிப்புக் கம்பியை யு.எஸ்.பி. வழியாகக் கொண்டுவந்தால் ஒரு மில்லி விநாடி வரை பிசகு புகும். சீரியல் போர்ட் உள்ள பழைய கணிப்பொறியே இவ்விஷயத்தில் மேலானது.

மேலும் ஒன்று. ஜி.பி.எஸ். நேரம் மிகை விநாடிகளைச் சேர்ப்பதில்லை; 2017 ஜனவரி முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முந்தியிருக்கிறது. இவ்வித்தியாசத்தையும் கோள்களே அறிவிக்கின்றன. எனினும் அவற்றின் செய்தி முழுமையும் வந்து சேர 12½ நிமிஷம் ஆகும். நெடுநாள் அணைந்திருந்த ஏற்பி, அதுவரை சில விநாடிகள் தவறாகவே காட்டக்கூடும். எனவே நீண்ட மின்தடைக்குப் பின் முதல் கால் மணி நேரப் பதிவுகளை ‘நேரம் ஐயத்திற்குரியது’ என்று குறித்து அனுப்புதல் வேண்டும்.