மலையோர மஞ்சள் பூவில் எத்தனை மூட்டை உரம்?

ஐப்பசி, கார்த்திகையில் குமுளி, மூணாறு பக்கம் மலையேறுகிறவர்கள் கண்ணில் அந்த மஞ்சள் படாமல் போகாது. ஆள் உயரத்தைத் தாண்டிய புதர், அதில் சின்னச் சூரியகாந்தி போலப் பூக்கள். காட்டுச் சூரியகாந்தி என்கிறார்கள். தாவரவியல் பெயர் டித்தோனியா டைவர்சிபோலியா. பூர்வீகம் மெக்சிகோ பக்கம். படம் எடுப்பவர்களுக்கு அது பூ. தழையுரம் தேடும் விவசாயிக்கு அதன் இலைதான் விஷயம்.

மேற்கு கென்யாவின் சிறு விவசாயிகள் வேலியோரம் வளர்ந்த இதை வெட்டி வயலில் போட்டார்கள். அங்கே ஆய்வு செய்ததில், காய்ந்த இலையில் தழைச்சத்து சுமார் 3.5 சதவீதம், பாஸ்பரஸ் 0.37, பொட்டாசியம் 4.1 சதவீதம் இருந்தது. மண்ணில் போட்டால் சீக்கிரம் மக்கியும் விடுகிறது.

நெல் வயலுக்கு ஏக்கருக்கு 2.5 டன் பசுந்தழை போடுவது வழக்கமான பரிந்துரை. பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்தால், மிஞ்சுவது 500 கிலோ. அதில் தழைச்சத்து 17.5 கிலோ, அதாவது 38 கிலோ யூரியாவில் இருக்கும் அளவு. பொட்டாசியமோ 41 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமம். மணிச்சத்து மட்டும் சொற்பம், அதைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் 2.5 டன்னை வெட்டிச் சுமந்து வர ஆள் வேண்டுமே! கூலியும் வண்டி வாடகையும் சேர்ந்தால் யூரியாவே மலிவாகிவிடும். கென்யாவிலும் மக்காச்சோளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை, காய்கறிக்குக் கட்டியது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கு இது தோதுப்படாது. மலையடிவாரத்தில் காய்கறி, வாழை, திராட்சை வைத்திருப்பவர்கள், தோட்டத்துக்குப் பக்கத்திலேயே புதர் இருந்தால் யோசிக்கலாம்.

அதற்காக யாரும் இதைக் கொண்டுவந்து நடக் கூடாது. விதை காற்றிலும் தண்ணீரிலும் போகும். ஒடித்துப் போட்ட தண்டும் வேர்விடும். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகளில் இது பெரிய களை. ஏற்கெனவே பட்டா நிலத்தில் நிற்பதை மட்டும், பூ வருவதற்கு முன்பே வெட்ட வேண்டும். இலையும் இளந்துளிரும் போதும். முற்றிய தண்டை வயலுக்குள் விடாமல் காயவைத்து எரித்துவிடலாம். மேகமலைப் பக்கம் காப்புக்காட்டுக்குள் தழை வெட்டினால் வழக்குதான் வரும்.