பார்வதியை மகளாகத் தத்தெடுக்கும் தம்பதி: சம்பல்பூர் 'சீதள சஷ்டி' மரபு என்ன?

சம்பல்பூர்: ஒடிசாவின் மேற்குப் பகுதியில் உள்ள சம்பல்பூரில், ஜேஷ்ட மாத வளர்பிறை சஷ்டியையொட்டி நடைபெறும் சிவன்-பார்வதி திருமணம் 'சீதள சஷ்டி' எனப்படுகிறது. சீதளம் என்றால் குளிர்ச்சி. வெயில் தகிக்கும் மே, ஜூன் மாதங்களில் மழையை எதிர்நோக்கும் விழாவாகவும் இது கருதப்படுகிறது.

வீட்டுத் திருமணம் போலவே அனைத்தும் நடைபெறுவதுதான் இதன் தனிச்சிறப்பு. உள்ளூர்த் தம்பதி ஒருவர் பார்வதியை மகளாகத் தத்தெடுத்து, உறவினர் சூழக் கன்னிகாதானம் செய்கின்றனர். மணமகன் தரப்பிலோ பெற்றோர் எவரும் இல்லை. சிவன் சுயம்பு என்பதே காரணம்.

அனுமனும் நரசிம்மரும் முன்செல்ல, கோயிலிலிருந்து ஊர்வலமாகப் பெண் வீட்டுக்கு வரும் சிவனை அத்தம்பதி வரவேற்கின்றனர். திருமணத்துக்கு மறுநாள் மணமக்கள் நகர்வலமாகக் கோயில் திரும்புகின்றனர். நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆடிப்பாடி வரும் இந்த ஊர்வலத்தில், சிவனை அர்த்தநாரீஸ்வரராக வழிபடும் திருநங்கையரும் பங்கேற்கின்றனர்.