நல்லவர்கள் வீட்டில் நேர்ந்த கொலை

ஏழை, செல்வர் வேற்றுமையைச் சித்தரிக்க முற்படும் திரைப்படங்களில் கல்நெஞ்சம் படைத்த எசமானனையும், கண்ணீர் சிந்தும் வேலைக்காரியையும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவற்றைக் கண்டு வீடு திரும்புகையில் நம் மனச்சான்று உறுத்துவதில்லை. அந்த எசமானன் நம்மைப் போன்றவன் அல்லன் என்று எளிதில் தேறிவிடுகிறோம். பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் ஷப்ரோல் 1995-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'லா செரெமோனி' என்னும் படமோ அத்தகைய ஆறுதலுக்கு இடமளிப்பதில்லை.

ஆங்கில எழுத்தாளர் ரூத் ரெண்டல் 1977-இல் வெளியிட்ட நாவலே இப்படத்துக்கு மூலம். இங்கிலாந்தில் நிகழ்ந்த கதையை ஷப்ரோல் பிரான்சின் பிரித்தானிப் பகுதிக்கு, சேன் மாலோ நகரை அடுத்த நாட்டுப்புறத்துக்கு மாற்றினார். உளப்பகுப்பாய்வாளரான கரோலின் எலியாசெஃப் திரைக்கதையில் அவருக்குத் துணை நின்றார்.

லெலியேவ்ர் குடும்பத்தினர் தனித்த பெரிய மாளிகையில் வாழ்பவர்கள். கல்வியும் கலை ரசனையும் வாய்த்தவர்கள். அவ்வீட்டுக்குப் பணிப்பெண்ணாக வருகிறாள் சோஃபி. அவளை எவரும் அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. அவளது அறையில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்துத் தருகிறார்கள். கார் ஓட்டக் கற்பிக்க முன்வருகிறார்கள். கண் பார்வை சரியில்லை என்று அவள் கூறவே, மூக்குக் கண்ணாடிக்குச் செலவு செய்யவும் இசைகிறார்கள். இவர்களிடம் என்ன குறை காண்பது?

சோஃபியிடம் ஓர் இரகசியம் உண்டு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண் பார்வைக் குறை என்பது அதனை மறைக்க அவள் கூறிய பொய். எசமானி எழுதி வைத்துச் செல்லும் சாமான் பட்டியல் அவளை நடுங்கச் செய்கிறது. அலுவலகத்திலிருந்து வீட்டுத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு கோப்பைத் தேடித் தரச் சொல்லும்போது அவள் திகைத்துப் போகிறாள். நூல்களும் கடிதங்களும் நிறைந்த அவ்வீட்டில் ஒவ்வொரு தாளும் அவளுக்கு ஒரு பொறியாகிறது. அதனை அறியாத வீட்டாரோ தங்கள் தாராள மனத்தில் நிறைவு கொள்கின்றனர்.

உண்மையை இறுதியில் கண்டுகொள்பவள், அக்குடும்பத்திலேயே இரக்க குணம் மிகுந்த மகள் மெலிந்தா. கற்றுத் தருகிறேன் என்று அன்புடன் கூறுகிறாள். ஆனால், ஆயுளெல்லாம் மறைத்து வைத்த வெட்கம் வெளிப்பட்டுவிட்டதை சோஃபியால் தாங்க இயலவில்லை. மெலிந்தா கருவுற்றிருக்கும் செய்தியை வெளியிடுவதாக அவளையே மிரட்டுகிறாள். அதன் விளைவாக வேலையை இழக்கிறாள். உதவி செய்ய நீண்ட கரம், அவள் கண்களுக்கு இழிவுபடுத்தும் கரமாகத் தோன்றிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு யாரை நம்பியிருக்கிறோமோ, அவர்கள் முன்னிலையில் நம் அறியாமையை ஒப்புக்கொள்வது எளிதன்று.

இதற்கிடையில், தபால் நிலையத்தில் பணிபுரியும் ழான் என்பவள் அவளுக்குத் தோழியாகிறாள். செல்வர் மீது அவளுக்குத் தீராத பொறாமை. சோஃபியின் ஊமை வெட்கம், ழானின் வாய்ச் சினத்தோடு சேர்ந்து தீப்பற்றுகிறது. குடும்பத்தார் நால்வரும் தொலைக்காட்சியில் மோசார்ட்டின் 'டான் ஜியோவானி' இசை நாடகத்தில் மூழ்கியிருக்கும் இரவில், இருவரும் அவ்வீட்டு வேட்டைத் துப்பாக்கிகளாலேயே அவர்களைச் சுட்டுக் கொல்கின்றனர். அத்துடன் அமையாமல் அங்கிருந்த நூல்களையும் சுடுகின்றனர்! சோஃபியின் பகை எதன்மீது மூண்டது என்பதை அக்குண்டுகள் உரைக்கின்றன.

இக்கொலையை இயக்குநர் நியாயப்படுத்துகிறார் என்று எவரும் கருதலாகாது. அவ்விரு பெண்களின் கடந்த காலத்திலும் ஓர் உயிரின் சாவு பற்றிய ஐயம் நிழலாடுகிறது. ஏழை என்பதால் அவர்களை அவர் தூயவர்களாக்கவில்லை. செல்வர் என்பதால் மற்றவர்களை அரக்கர்களாக்கவும் இல்லை. 1933-ஆம் ஆண்டில் லெ மான் நகரில் பப்பேன் சகோதரிகள் எனப்பட்ட இரு பணிப்பெண்கள், தங்கள் எசமானியையும் அவர் மகளையும் கொன்ற செய்தி பிரான்சை உலுக்கியது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களிடையே இத்தனை தூரம் எவ்வாறு வந்தது என்னும் கேள்வி அன்றே எழுந்ததுதான்.

பங்குக் கோவிலின் உதவிப் பணியும் படத்தில் இடம்பெறுகிறது. ஏழைகளுக்கெனத் துணி சேகரிக்கச் செல்லும் இவ்விரு பெண்களும், கந்தல்களைக் கொடுத்தவர்களை அவர்கள் முன்னிலையிலேயே ஏளனம் செய்கின்றனர். பங்குத் தந்தை அவர்களைப் பணியினின்று விலக்கிவிடுகிறார். அவர்களது நடத்தை முறையற்றதே. ஆயினும், நமக்கு வேண்டாததைக் கொடுத்துவிட்டுத் தருமம் என்று பெயரிடும் வழக்கம் நம் முகத்துக்கு நேரே அங்கு காட்டப்படுகிறது.

சோஃபியாக நடித்த சாந்த்ரின் பொனேரும், ழானாக நடித்த இசபெல் யூப்பேரும் 1995-ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பகிர்ந்துகொண்டனர். வன்முறைக் காட்சியுள்ள இப்படம் சிறுவர்க்கு உரியதன்று. பெரியவர்கள் கண்டு, கண்டபின் தம் இல்லத்தில் பேச வேண்டிய படம்.

லெலியேவ்ர் குடும்பத்தார் கொடுக்கத் தவறியவர்கள் அல்லர். கொடுக்குமுன் கேட்கத் தவறியவர்கள். நம் வீட்டில் உழைப்பவருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைக் கணக்கிடுவதோடு நாமும் நின்றுவிடுகிறோமா? அவர் எதற்கு அஞ்சுகிறார், எதனை மறைக்கிறார் என்று அறியுமளவு அவரோடு அமர்ந்து பேசியிருக்கிறோமா? சிந்திப்போமாக.