பாதி காலியாகப் பிறக்கும் பேட்டரி

லித்தியத்துக்கு மாற்று வந்துவிட்டது, இனி பொட்டாசியம்தான் என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கேளுங்கள்: எதிரே எதை வைத்துச் சோதித்தீர்கள்?

ஆசை நியாயமானதுதான். உரக்கடை மூட்டையில் இருக்கும் பொட்டாஷ்தான் மூலப்பொருள். பூமியின் மேலோட்டில் லித்தியத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகம். பேட்டரியின் ஒரு முனையில் இருக்கும், சோடியம் நுழையத் தயங்கும் கிராஃபைட்டுக்குள் பொட்டாசியம் போய்வரும் என்று 2015-இல் காட்டிவிட்டார்கள். அந்த முனையில் மின்னோட்டத்தைக் கடத்தும் செம்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியமே போதும். வம்பெல்லாம் மறுமுனையில், கேத்தோடில்.

லித்திய அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்துக்கு 1.38. இந்தப் பெரிய ஆளுக்காகக் கேத்தோடில் உள்ள ஆக்சைடு அடுக்குகள் விலகி வழிவிடும். ஆனால், விலகிய அடுக்குகளுக்கு நடுவே அயனிகள் ஒன்றையொன்று தள்ளுவதைத் தடுக்க ஆள் இல்லை. எனவே பெரும்பாலான அடுக்கு ஆக்சைடுகள் தயாரிப்பிலேயே பொட்டாசியம் பாதி நிரம்பியதும் நின்றுவிடுகின்றன.

2016-இல் வெளியான மாங்கனீசு ஆக்சைடு ஒன்றைப் பாருங்கள். ஒரு மாங்கனீசுக்கு 0.3 பங்கு பொட்டாசியம்தான் உண்டு. அத்தனையையும் உருவி எடுத்தாலும் கொள்ளளவு கிராமுக்கு 82 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டாது. அளந்து கிடைத்ததோ 130-க்கு மேல்!

மீதி எங்கிருந்து வந்தது? ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியே கைவிட்டு, கத்தியால் நறுக்கிய பொட்டாசிய உலோகத் துண்டை 20 மில்லிமீட்டர் நாணய செல்லில் கேத்தோடுக்கு எதிரே வைக்கிறார்கள். பற்றாக்குறையை அதுதான் நிரப்புகிறது. பக்கத்து வீட்டு அரிசியில் உலை வைத்து, நம் வீட்டுப் பானை பொங்கியதாகச் சொல்லும் கதை. விற்பனைக்கு வரும் பேட்டரியில் இந்த உலோகம் இருக்காது. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் சமாச்சாரம். எதிரே இருப்பது வெறும் கிராஃபைட். அதனிடம் கடன் கேட்க முடியாது.

ஆய்வாளர்கள் எதையும் மறைப்பதில்லை, கட்டுரையிலேயே எழுதிவிடுகிறார்கள். செய்தியாகும்போதுதான் அந்த வரி உதிர்ந்துவிடுகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

கேத்தோடுக்கான இன்னொரு பொருளான பிரஷ்யன் நீல வகைச் சேர்மங்களில் இந்தக் குறை இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அடர்த்தி குறைவு, அதிக இடத்தை அடைக்கும்.

முழுக்க நிரம்பிய அடுக்கு ஆக்சைடும் இல்லாமல் இல்லை. குரோமியத்தை வைத்து 2018-இல் செய்துகாட்டினார்கள். ஆனால் அதிலிருந்து பொட்டாசியம் வெளியேற வெளியேற, அடுக்குகள் மாறி மாறி உருக்குலைந்து புது வடிவம் எடுக்கின்றன. போதாக்குறைக்கு ஈரக்காற்றும் இவ்வகைப் பொடிகளுக்கு ஆகாது.