பக்கத்து மனையில் மண் கொட்டும்போதே பேசிவிடுங்கள்

வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் பழைய வீடுகள் பலவும் ரோட்டைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. ரோடு போடப் போட உயர்ந்தது ஒரு காரணம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுத வேண்டியிருந்தது. இன்னொரு காரணம் பக்கத்து மனை. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் பேஸ்மட்டத்தை மூன்றடி, நாலடி தூக்கித்தான் கட்டுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. வீட்டோடு நிற்காமல் மனை முழுக்கக் கிராவல் கொட்டி, காம்பவுண்டு வரை சிமென்ட் பூசி மூடும்போதுதான் அடுத்த வீட்டுக்காரருக்கு வினை.

அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 11,000 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணீர் லாரி. காலி மனையாக இருந்தபோது அதில் ஒரு பங்கை மண் குடித்தது, மீதி பரவலாக ஓடியது. இப்போது மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் நாலங்குல பைப்பில் இறங்கி ஒரே இடத்தில் கொட்டுகிறது. அந்த பைப்பின் வாய் உங்கள் சுவரைப் பார்த்திருந்தால், சில மழைக்காலத்திலேயே அஸ்திவாரத்தை ஒட்டி மண் அரித்துப் பள்ளமாகிவிடும்.

சட்டம் இங்கே நாம் எதிர்பார்ப்பது போல இல்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாக வழிந்து வந்தால் தாழ்ந்த நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ‘தண்ணி என் பக்கம் வருது’ என்று மட்டும் எழுதிய புகார் நிற்காமல் போவது அதனால்தான். தண்ணீரைச் செயற்கையாகத் திரட்டி, பைப் வைத்து அடுத்தவர் நிலத்தில் இறக்க யாருக்கும் இயல்பான உரிமை கிடையாது. புகாரில் எழுத வேண்டியது இதைத்தான்: பைப் எங்கே திறக்கிறது, மண் எத்தனை அடி ஏறியிருக்கிறது, செட்பேக், அதாவது எல்லையோரக் காலியிடம், விட்டிருக்கிறார்களா, மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறதா. 2003 முதல் தமிழ்நாட்டில் அந்தக் குழி கட்டாயம். பல வீடுகளில் அது மூடி மட்டும்தான், திறந்தால் குழியே இராது.

செட்பேக் எத்தனை அடி என்பதை ரோட்டின் அகலம், மனையின் அளவு, கட்டடத்தின் உயரம் ஆகியவற்றை வைத்து 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கின்றன. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. நல்ல வசதிதான். ஆனால் விதி மீறலை முதலில் பார்க்கும் கண் இப்போது பக்கத்து வீட்டுக்காரருடையது. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கட்டுமான இடத்திலேயே வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. வைக்கவில்லையா, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்த 30 நாளில் மேஸ்திரி ரூஃப் கான்கிரீட்டே போட்டுவிடுவார். அதனால் முதல் லோடு மண் இறங்கும்போதே, “சார், பேஸ்மட்டம் எவ்வளவு வருது? மாடித் தண்ணியை எந்தப் பக்கம் விடுறீங்க?” என்று கேட்டுவிடுவது மேல். வரைபடத்தில் பைப்பை ரோட்டுப் பக்கம் திருப்பப் பென்சில் போதும். கட்டி முடித்த பிறகு திருப்ப வக்கீல் வேண்டும். எல்லையில் சந்தேகம் இருந்தால் சர்வேயரை வரவழைத்து அத்து காட்டச் சொல்லுங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பேசிப் பயனில்லை என்றால் உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அனுமதிக்கு மாறாகக் கட்டினால் வேலையை நிறுத்த 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. முதல்வரின் உதவி எண் 1100. தெருவே மூழ்குகிறது என்றால் அது பொதுத் தொல்லை. கோட்டாட்சியரிடம் போகலாம். உங்கள் வீடு மட்டும் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே தடையாணையோடு வக்கீல் கமிஷனரையும் கேளுங்கள். அவர் நேரில் வந்து அளந்து எழுதும் அறிக்கைக்கு உங்கள் படங்களைவிட மதிப்பு அதிகம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி உண்டு.

மனையை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒன்று. பக்கத்து வீட்டுத் தண்ணீர் உங்கள் மனையில் உரிமைபோல 20 வருடம் தடையின்றி விழுந்தால், அதையே சட்டப்படியான உரிமையாக அவர் கோர முடியும். இப்போதைக்கு விழட்டும் என்று நினைத்தால், அது உங்கள் அனுமதியின்பேரில்தான், உரிமையாக அல்ல என்று அவர் கையெழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.