கரும்புக்குள் ஒரு நாணல்

நம் ஆலைகளில் அரைபடும் கரும்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் நாணலின் உறவு கலந்திருக்கிறது. ஆற்றோரம் தானாக மண்டிக் கிடக்கும் அதே நாணல்தான். அதில் இனிப்பு மிகக் குறைவு. ஆனால் குளிரும் வறட்சியும் அதை எளிதில் சாய்ப்பதில்லை.

நூறாண்டுக்கு முன் வட இந்திய வயல்களில் மெல்லிய, விளைச்சல் குறைந்த கரும்புகளே இருந்தன. தெற்கின் தடித்த கரும்போ அங்கத்திய குளிரைத் தாங்காது. இதற்கு வழி தேடி 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரணை ஊன்றினால் தாய்க்கரும்பின் நகல்தான் முளைக்கும். புது ரகம் வேண்டுமென்றால் விதை வேண்டும். கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கிறது.

அங்கே பணியாற்றிய சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பைத் தாயாகவும் நாணலைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தார்கள். நாணல் கதிரின் மகரந்தம் சீக்கிரமே உயிர்ப்பை இழந்துவிடும் என்பதால் இதில் நேரம் தவறக்கூடாது. அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. உள்ளூர்க் கரும்பைவிட ஏறத்தாழ பாதி மடங்கு கூடுதலாக விளைந்தது.

நாணல் கலந்தும் இனிப்பு எப்படித் தங்கியது? பொதுவாகத் தாயும் தந்தையும் தத்தம் குரோமோசோம்களில் பாதியைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கும். இங்கே தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டது. கோவை நாணல் தன் 64-இல் பாதியாக 32-ஐக் கொடுத்தது. ஆக, கோ 205-க்கு 112. தாயின் பங்கு இவ்வளவு கூடியதால் இனிப்பு தங்கியது, நாணலின் உரமும் சேர்ந்தது. கரும்பு ஆய்வில் என்னை மிகவும் வியக்க வைக்கும் இடம் இதுதான்.

கலப்பு முடிந்த பிறகுதான் பெரும்பாடு. ஒரே கதிரின் விதைகளில் முளைக்கும் நாற்றுகள் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. ஆயிரக்கணக்கில் நட்டு, கரும்பைத் துளைத்து ஓரிரு சொட்டுச் சாற்றைக் கைக்கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்து, சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவைப் படிக்கிறார்கள். தேறுவது மிகச் சில. ஒரு ரகம் உழவர் கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும்.

வந்த ரகமும் நிலைப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தில் பரந்து விளைந்த கோ 0238-ஐச் செவ்வழுகல் நோய் பிடித்துக்கொண்டது. அதைத் தாங்கும் ரகங்களுக்காகக் கலப்பு தொடர்கிறது. அதற்குக் கைகொடுக்கக்கூடிய காட்டு உறவுகளும் பழைய கரும்புகளும் கோவை நிலையத்தின் கண்ணூர் மையச் சேகரிப்பில் வளர்க்கப்படுகின்றன.